2081-லிருந்து வந்தவனுக்கு ஒரு கை

நாங்கள் எடுத்த படத்தில் அந்த இயந்திரக் கை வருவது ஒரு நிமிடம்கூட இருக்காது. எதிர்காலத்திலிருந்து வந்த ஆண்ட்ராய்டு (மனித உருவ ரோபோ) தன் முன்கைத் தோலைப் பிளக்கிறான். உள்ளே இருக்கும் தண்டுகளை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிப் பார்க்கிறான். அப்புறம் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிச் சோதிக்கிறான். அந்த விரல்களை ஆட்டியது மேசைக்கு அடியில் சுருண்டு கிடந்த நான். மோட்டார் கிடையாது, அதை ஓட்டும் ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினி போர்டு கிடையாது. அதெல்லாம் வைத்து முதலில் செய்த கை என் அலமாரியில் இருக்கிறது. குறைந்த செலவில் இப்படி ஒன்று செய்ய நினைப்பவர்கள் அலமாரிக் கையைத் தாண்டி நேராகப் படக் கைக்கு வந்துவிடட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கதை சின்னது. 2081-ல் ஓர் ஆண்ட்ராய்டின் மணிக்கட்டு போல்ட் தேய்ந்துவிடுகிறது. அந்த அளவில் போல்ட் செய்வதையே உலகம் நிறுத்தியாகிவிட்டது. ஆகவே அவன் காலத்தில் பின்னால் வந்து சென்னையில் பழைய வண்டி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்குகிறான். இயக்குநர் என் கல்லூரி ஜூனியர். மொத்த பட்ஜெட் அறுபதாயிரம். கைக்கு ஆறாயிரம் என்று சொல்லிவிட்டு, "அண்ணா, அதுக்குள்ள முடிச்சிடுங்கண்ணா" என்றான்.

காசில்லாதவர்களுக்கு இது நல்ல கதைவகை. ஆண்ட்ராய்டு வெளியே பார்க்க மனிதன், வேட்டி சட்டை போதும். அவன் வந்து சேரும் காலம் நம் காலம், செட் வேண்டாம். எதிர்காலத்திலிருந்து ஒரு கொலைகார ரோபோ வரும் 'தி டெர்மினேட்டர்' படத்தை 1984-ல் ஜேம்ஸ் கேமரூன் எடுத்தபோது கையில் இருந்தது சுமார் 64 லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்கில் அது சில்லறை. எதிர்காலப் போரைச் சில காட்சிகளோடு முடித்துக்கொண்டு, மிச்சப் படத்தை அன்றைய லாஸ் ஏஞ்சலஸின் ராத்திரித் தெருக்களில் எடுத்தார். கால இயந்திரத்தைக் காட்டவே இல்லை. மின்னல் வெட்டும், ஆள் துணியில்லாமல் வந்து விழுவான், அவ்வளவுதான். செலவு ஆரம்பிப்பது தோல் கிழியும்போது. எங்களுக்கும் அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் கை. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள ரிச்சி தெருவில், சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் எம்ஜி996ஆர் சர்வோ மோட்டார் ஐந்து, ஒன்று 380 ரூபாய். ஐந்தையும் ஒன்றாக ஓட்ட பிசிஏ9685 போர்டு 350. ஆர்டுயினோ ஊனோ, லோக்கல் காப்பி, 450. இவற்றுக்குக் கரண்ட் தரும் 5 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் 650. எல்லாம் சேர்த்து 3,350. எஸ்எம்பிஎஸ் முதல் பட்டியலில் இல்லை. போன் சார்ஜர் போதும் என்றிருந்தேன். இந்த சர்வோ எங்காவது மாட்டித் திணறினால் ஒவ்வொன்றும் இரண்டரை ஆம்பியர் வரை இழுக்கும். இரண்டு விரல் சேர்ந்து மடங்கினாலே சார்ஜரின் வோல்டேஜ் படுத்து ஆர்டுயினோ ரீசெட் ஆகும். கை பாதி மடங்கி நின்றுவிட்டு, சட்டென்று விறைத்து நீளும். பார்க்கச் சிரிப்பாக இருந்தது. எஸ்எம்பிஎஸ் வந்ததும் அது தீர்ந்தது.

தீராதவை வேறு. முதலாவது சத்தம். சும்மா ஒரு நிலையில் நிற்கும்போதும் சர்வோ 'ர்ர்ர்' என்று முனகிக்கொண்டே இருக்கும். நடிகர் பேசும் காட்சி, சத்தம் அங்கேயே பதிவு. இரண்டாவது நடுக்கம். விரல் நீட்டி நிற்கும்போது ஒரு சின்ன உதறல். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, குளோஸ்-அப்பில் அப்பட்டமாகத் தெரியும். மூன்றாவதுதான் பெரிய சிக்கல். இந்த சர்வோ 60 டிகிரி திரும்ப ஒரு வினாடியில் ஆறில் ஒரு பங்கு எடுக்கும். சொன்னதும் பாய்ந்து போய் 'டக்' என்று நிற்கும். மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடியும்படி நிரல் எழுதினேன். பரவாயில்லை என்று ஆயிற்று. அதற்குள் இயக்குநர், "இல்லண்ணா, நடுவிரல் கொஞ்சம் தயங்கி மடங்கணும். வலிக்குதான்னு அவனுக்கே சந்தேகம் வர்ற மாதிரி" என்கிறான். நியாயமான ஆசைதான். ஆனால் அந்தத் தயக்கத்தை எண்ணாக மாற்றி, ஏற்றி, ஓட்டிப் பார்த்து, அவன் உதட்டைப் பிதுக்கி, மறுபடி மாற்றுவதற்குள் ஷூட்டிங்கில் விடிந்துவிடும்.

டெர்மினேட்டரின் உலோக எலும்புக்கூட்டை, அந்தப் படத்துக்குப் பொம்மைகள் செய்த ஸ்டான் வின்ஸ்டனின் பட்டறையில் எப்படி ஆட்டினார்கள் என்று அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். இடுப்புக்கு மேல் மட்டும் உள்ள பொம்மையைக் குழுவில் ஒருவர் உடம்போடு கட்டிக்கொண்டு நடந்திருக்கிறார். கேமரா மார்புக்கு மேலேதான் பார்க்கும். முழு உருவம் நடந்து வர வேண்டிய இடங்களுக்கு ஃபேன்டஸி II என்ற நிறுவனம் சின்ன உருவம் ஒன்றை வைத்து, இம்மி இம்மியாக நகர்த்தி ஒவ்வொரு ஃபிரேமாக எடுக்கும் ஸ்டாப்-மோஷன் செய்து கொடுத்தது. கையைத் தானே அறுத்துப் பழுதுபார்க்கும் காட்சிக்குத் தனியாக ஒரு பொய்க்கை. ஒரே பொம்மை எல்லாம் செய்ய வேண்டும் என்று யாரும் அங்கே நினைக்கவில்லை. ஒவ்வொரு ஷாட்டுக்கும் என்ன தேவையோ அதை மட்டும் செய்து, மற்றதை ஃபிரேமுக்கு வெளியே தள்ளியிருக்கிறார்கள். எங்கள் காட்சியில் கை மேசைமேல் படுத்திருக்கிறது. தூக்க வேண்டாம், எதையும் பிடிக்க வேண்டாம். விரல் மடங்க வேண்டும், மணிக்கட்டு கொஞ்சம் திரும்ப வேண்டும். இதற்கு ஓர் ஆள் கம்பி இழுத்தால் போதுமே.

சர்வோக்களைக் கழற்றி வைத்துவிட்டு அளவெடுப்பதிலிருந்து தொடங்கினேன். நடிகரின் முன்கை சுற்றளவு முழங்கைக்குக் கீழே 27 செ.மீ., மணிக்கட்டில் 17. π-ஆல் (3.14) வகுத்தால் விட்டம் 8.6, 5.4. தோலுக்குச் சுற்றிலும் 4 மில்லிமீட்டர் விட்டால் மணிக்கட்டில் நமக்கு மிஞ்சுவது நாலரை சென்டிமீட்டர் சொச்சம். ஐந்து விரலின் கயிறும் திரும்பும் அச்சும் அதற்குள் அடங்க வேண்டும். இந்த நாலரையை ஒரு காகிதத்தில் வட்டமாக வரைந்து பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்தேன். எதை வாங்கினாலும் அதன்மேல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.

முன்கைக்குள் பளபளவென்று இரண்டு பிஸ்டன் வேண்டும் என்பது இயக்குநர் போட்ட படத்தில் இருந்தது. புதுப்பேட்டையில் கார் டிக்கியைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் ஷாக் பழையது கிடைக்கும். தண்டு அச்சு அசல் அந்தப் பளபளப்புதான். ஆனால் இரண்டு கையால் அழுத்தினாலும் உள்ளே போகாது. வீணாய்ப்போனது என்று தூக்கிப் போட்டதற்குள்ளும் அழுத்தம் மிச்சம் இருக்கும். அறுத்துக் காற்றைத் திறந்துவிடலாமா என்று கேட்டேன். கடைக்காரர், "பாய், அதுல மட்டும் பிளேடு வைக்காதீங்க, சீறிக்கிட்டு வந்து மூஞ்சில அடிக்கும்" என்று திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார். நல்ல மனிதர். பிஸ்டன் கடைசியில் பழைய இங்க்ஜெட் பிரிண்டரிலிருந்து வந்தது. இங்க் கார்ட்ரிட்ஜ் இடமும் வலமும் ஓடுகிற அந்த இரும்புத் தண்டு கண்ணாடி மாதிரி இருக்கும், தேய்க்க வேண்டியதே இல்லை. பழைய சாமான் கடையில் தண்டு நூறு ரூபாய், இரண்டு வாங்கினேன். எனக்குக் கிடைத்தது 8 மில்லிமீட்டர். அதை 12 மி.மீ. அலுமினியக் குழாய்க்குள் விட்டு, குழாயின் வாயில் நைலான் துண்டைக் குடைந்து, தண்டு ஆடாமல் வழுக்கும் வளையமாக (புஷ்) செருகினேன். தண்டின் முனை மணிக்கட்டில், குழாயின் அடி முழங்கையில். மணிக்கட்டு திரும்பினால் ஒரு தண்டு உள்ளே போகும், இன்னொன்று வெளியே வரும். அது எந்த வேலையும் செய்யவில்லை, வெறும் அலங்காரம். ஆனால் பார்க்கிறவர்கள் எல்லோரும் அதுதான் கையைத் திருப்புகிறது என்று நம்புகிறார்கள்.

விரல்கள். 12 மி.மீ. அகலம், 2 மி.மீ. கனத்தில் அலுமினியப் பட்டை. ஒவ்வொரு எலும்புக்கும் இரண்டு பட்டை, நடுவில் இடைவெளி. ஆள்காட்டி விரலுக்கு 45, 28, 22 மி.மீ. நீளம், மற்ற விரல்களுக்கு நடிகரின் கையைப் பார்த்துக் கூட்டிக் குறைத்தது. மூட்டுக்கு 3 மி.மீ. எம்3 போல்ட், தானாகத் தளராத நைலாக் நட். துளை 3.2. ஜோடிப் பட்டைகளைத் தனித்தனியாகத் துளைத்தால் கண்டிப்பாக அரை மில்லி தள்ளிப்போகும், விரல் கோணிக்கொள்ளும். இரண்டையும் வைஸில் ஒன்றாகப் பிடித்து, சென்டர் பஞ்சில் ஒரு தட்டுத் தட்டி, ஒரே துளையாகப் போட வேண்டும். வாஷருக்குத் தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்கை ஆபீஸ் பஞ்சால் வட்டமாகக் குத்தி எடுத்து நடுவில் ஊசி காய்ச்சித் துளை போட்டேன். காசு மிச்சம், உரசலும் இல்லை. நட்டை இறுக்கி, பிறகு கால் சுற்று தளர்த்தினால் மூட்டு ஆடாமல் மடங்குகிறது.

விரலை இழுக்கும் நரம்புக்கு முதலில் சைக்கிள் பிரேக்கின் உள் ஒயர். அது விரலுக்கு மிக முரடு. மடங்க மறுத்து, மடங்கினால் நிமிர மறுத்தது. மாற்றாக மீன்பிடிக்கும் பின்னல் நரம்பு. இழுத்தால் நீளாது, நூல் மாதிரி வளையும். விரலிலிருந்து மேசைக்கு அடிவரை அது ஓட 3டி பிரிண்டருக்கு விற்கும் வெள்ளை டெஃப்லான் குழாய், வெளியே 4 உள்ளே 2 மி.மீ., மூன்று மீட்டர் 180 ரூபாய். இந்தக் குழாய்க்கு நான் கோயில் கட்டுவேன். அதற்கு முன் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் ஐவி செட் டியூபில் விட்டுப் பார்த்தேன், இரண்டு வளைவு வந்ததுமே நரம்பு பிடித்துக்கொண்டது. டெஃப்லானில் வழுக்கிக்கொண்டு போகிறது.

எவ்வளவு இழுக்க வேண்டும்? நரம்பு ஒவ்வொரு மூட்டின் அச்சிலிருந்தும் 6 மி.மீ. தள்ளி ஓடுகிறது. மூன்று மூட்டும் ஆளுக்கு 80 டிகிரி மடங்கினால் மொத்த இழுப்பு சுமார் 25 மில்லிமீட்டர். இது ரொம்ப வசதியான எண், நம் விரலை மடக்கினாலே அவ்வளவு வந்துவிடும். நரம்பின் மறுமுனையில் திரைச்சீலை வளையத்தைக் கட்டி என் விரல்களில் மாட்டிக்கொண்டேன். நான் மடக்கினால் அது மடக்கும்.

மடக்கியது, ஆனால் தப்பாக. முதலில் நுனி மூட்டு சுருள்கிறது, அப்புறம் நடு மூட்டு, கடைசியில்தான் அடி மூட்டு. விரல் வெயிலில் காய்ந்த இறால் மாதிரி உள்ளுக்குள் சுருண்டுகொண்டது. மனிதக் கை அப்படி மடங்காது, அடியிலிருந்து தொடங்கும். ஒரே நரம்பு மூன்று மூட்டையும் இழுக்கும்போது எதில் எதிர்ப்பு குறைவோ அதுதான் முதலில் போகும். நுனியில் எதிர்ப்பு குறைவாக இருந்தது. விரலை நிமிர்த்த முதுகுப் பக்கம் முகக்கவச எலாஸ்டிக் ஓட்டியிருந்தேன் (கொரோனா காலத்து மிச்சம் டப்பா நிறைய இருந்தது). நுனி மூட்டுக்கு எலாஸ்டிக் மூன்று இழை, நடுவுக்கு இரண்டு, அடிக்கு ஒன்று என்று மாற்றினேன். இப்போது இழுத்தால் அடி மூட்டு முதலில் சாய்கிறது, தொடர்ந்து நடு, பிறகு நுனி. இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகுதான் அது கையாகத் தெரிய ஆரம்பித்தது. கட்டைவிரலுக்கு இரண்டு மூட்டு போதும், அடியில் ஒரு ஸ்பிரிங்.

இயக்குநர் வந்து பார்த்தான். நடுவிரல் தயங்க வேண்டுமா? தயங்கினேன். இன்னும் கொஞ்சம்? இன்னும் கொஞ்சம். சுண்டுவிரல் தன்னிச்சையாகத் துடிக்க வேண்டுமா? துடித்தது. ஒரு வரி நிரல் இல்லை. கை நடிக்க வேண்டுமென்றால் அதன் மறுமுனையிலும் நடிக்கத் தெரிந்த கை ஒன்று வேண்டும். எனக்கு அவ்வளவாக நடிக்க வராது, இருந்தாலும் சர்வோவைவிடத் தேவலை.

உலோகப் பூச்சு. கடையில் குரோம் ஸ்பிரே என்று விற்பதை அலுமினியத்தில் அடித்தால் சாம்பல் பெயிண்ட்தான். பளபளப்பான கறுப்பு அடித்து, அது முழுக்கக் காய்ந்தபின் மேலே மெலிசாக அடித்தால் உண்மையிலேயே கண்ணாடி மாதிரி வரும். ஆனால் கை பட்டால் போச்சு, மங்கிவிடும். பாதுகாக்க மேலே கிளியர் கோட் அடித்தாலும் மங்கிவிடும். விரல்களையோ நான் தொட்டுக்கொண்டே இருக்கிறேன். எனவே ஏசி டக்ட் ஒட்டும் அலுமினிய ஃபாயில் டேப். சுருள் 140 ரூபாய். மணிக்கட்டுக் கூட்டையும் புறங்கையையும் பிவிசி பைப்பைச் சூடுகாட்டி வளைத்துச் செய்திருந்தேன், அதன்மேல் இந்த டேப்பை ஒட்டி ஸ்பூனின் முதுகால் தேய்த்தால் ஓரங்கள் மறைந்து ஒரே உலோகம் மாதிரி ஆகிறது. அப்புறம் கறுப்பு ஆயில் பெயிண்டை டர்பன்டைனில் கரைத்து எல்லா இடத்திலும் தடவி, உடனே துணியால் துடைக்க வேண்டும். மேடு வெளுக்கும், பள்ளத்தில் கறுப்பு நிற்கும். புத்தம் புதிதாக மின்னிய பொருள் ஐம்பது வருடம் கிரீஸில் ஊறியதுபோல ஆகிவிடும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த கட்டம் இதுதான். நிறுத்த மனமில்லாமல் போல்ட் தலைக்கெல்லாம் தடவிக்கொண்டிருந்தேன்.

தோல் வேறு உலகம். சிலிக்கோனில் செய்தால் அழகாக வரும், எங்கள் காசுக்கு எட்டாது. பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடையில் அச்சு வார்க்கிற லேடெக்ஸ் ஒரு லிட்டர் 480. ரப்பர் பால்தான், அழுகாமல் இருக்க அம்மோனியா கலந்திருக்கும். மூடியைத் திறந்ததும் கண்ணில் நீர் வரும், ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

அச்சுக்கு நடிகரின் முன்கையில் வாஸ்லின் தடவி மாவுக்கட்டு பேண்டேஜ் சுற்றினோம். கையின் மேல்பாதிக்கு ஒன்று, கீழ்ப்பாதிக்கு ஒன்று. பேண்டேஜ் மட்டும் போட்டால் துணியின் நெசவு அச்சில் பதிந்துவிடும், அதனால் முதலில் பிஓபியை (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவு) கூழாகக் கரைத்து பிரஷ்ஷால் மெல்லிய பூச்சு. மெல்லிய பூச்சு என்பதைக் கவனிக்கவும். பிஓபி இறுகும்போது சூடாகும். கையை அப்படியே பக்கெட் பிஓபியில் முக்கி வைத்தால் தோல் வெந்துவிடும், இறுகியபின் கையை வெளியே எடுக்கவும் முடியாது. வாஸ்லினைத் தாராளமாகத் தடவினோம் என்றுதான் நினைத்தோம். அச்சைக் கழற்றும்போது முன்கை முடியில் பாதி அச்சோடு வந்துவிட்டது. நடிகர் சொன்ன வார்த்தையை எழுத முடியாது.

அச்சின் உட்பக்கம் லேடெக்ஸை ஒவ்வொரு பூச்சாகத் தடவிக் காயவிட வேண்டும். ஆறு பூச்சுக்கு மேல் போனால் தடித்து மடிப்பே விழாது. நிறம் இங்கே ஏமாற்றும். ஈரத்தில் லேடெக்ஸ் பால் வெள்ளை, காய்ந்தால் தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும். அதனால் அக்ரிலிக் கலர் கலந்து ஈரமாக இருக்கும்போது நடிகரின் நிறத்துக்குப் பொருத்தினால், காய்ந்ததும் இரண்டு ஷேடு கறுத்துவிடும். சின்னச் சின்னத் துண்டாகக் காயவைத்து அவர் கைமேல் வைத்துப் பார்த்துத்தான் கலவையை முடிவு செய்தோம். உரித்து எடுக்கும்போது டால்கம் பவுடரைத் தூவிக்கொண்டே எடுக்க வேண்டும். லேடெக்ஸ் லேடெக்ஸோடு ஒட்டினால் பிரிக்கவே முடியாது.

கிழிந்த ஓரம் காகிதம் மாதிரி மெலிசாக இருந்தால் ரப்பர் என்று தெரிந்துவிடும். டிஷ்யூ பேப்பரைப் பிய்த்து லேடெக்ஸில் நனைத்து ஓரத்தில் அடுக்கிக் கனமாக்கினேன். உள்பக்கம் கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் சிவப்பு. தோலை மணிக்கட்டில் பிடித்து வைக்கப் பித்தளைப் பொத்தான்கள் போட்டிருந்தேன். அவற்றைச் சுற்றி லேடெக்ஸ் பழுப்பாகிப் பிசுபிசுத்தது. செம்பும் செம்பு கலந்த உலோகமும் ரப்பரைத் தின்னும் என்று கெமிக்கல் கடைக்காரர் பிறகு சொன்னார். எஃகுப் பொத்தானுக்கு மாற்றினோம். பொத்தான் இருந்த இடத்துக் கறை படத்தில் பழைய காயம் மாதிரி இருக்கிறது, அதை அப்படியே விட்டுவிட்டோம்.

படக் கைக்கு ஆன கணக்கு: அலுமினியப் பட்டையும் குழாயும் 540, பிரிண்டர் தண்டு 200, டெஃப்லான் குழாய் 180, மீன் நரம்பு 250, போல்ட் நட் 160, ஸ்பிரிங் 90, ஃபாயில் டேப் 140, லேடெக்ஸ் 480, பிஓபியும் பேண்டேஜும் 300, பெயிண்ட் வகையறா 260. மொத்தம் 2,600. அலமாரிக் கையையும் சேர்த்தால் 5,950. ஆறாயிரத்துக்குள் முடித்தேன் என்று இயக்குநரிடம் கெத்தாகவே சொன்னேன்.

ஷூட்டிங் சைதாப்பேட்டையில் ஒரு டூவீலர் மெக்கானிக் ஷெட்டில், ராத்திரி. மேசைப் பலகையில் ஓட்டை போட்டு நரம்புக் குழாய்களைக் கீழே இறக்கினோம். நடிகரின் நிஜக் கை முதுகுக்குப் பின்னால் மடங்கி, சட்டைக் கையின் முனை பொய்க்கையின் முழங்கையில் செருகப்பட்டிருந்தது. தோள் அசையும்போது பொய்க்கையும் ஓர் இழை நகர்ந்தால்தான் ஒட்டிய மாதிரி இருக்கும். அதற்காக நடிகருக்கும் எனக்கும் ஒரு சமிக்ஞை: அவர் மூச்சை இழுத்துவிட்டால் நான் நகர்த்துவேன்.

லைட் போட்டதும் புதுத் தலைவலி. பளபளப்பான பொருளுக்கு நேராக லைட் அடித்தால் ஒரு வெள்ளைப் புள்ளியும் மிச்சமெல்லாம் கறுப்பும்தான் தெரியும். அதோடு பிரிண்டர் தண்டில் கேமராமேன், இயக்குநர், டீக்கடைப் பையன் எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள். உலோகத்துக்கு லைட் போடுவதென்றால் அது எதைப் பிரதிபலிக்கிறதோ அதற்குப் போட வேண்டும். ஒரு தெர்மாகோல் ஷீட்டைக் கைக்கு மேலே சாய்த்துக் கட்டி லைட்டை அதன்மேல் திருப்பினோம். கேமரா பக்கம் கறுப்புத் துணி, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை. எதிர்ப்பக்கம் நாலு முழ வேட்டி. தண்டின்மேல் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது, மணிக்கட்டு திரும்பும்போது அந்தக் கோடும் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. ஷெட்டில் ஒரு நொடி யாரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

கேமராவை விநாடிக்கு 24 ஃபிரேமில் வைக்க வேண்டும் என்று கேமராமேனுக்கு ஆசை. ஷெட்டின் டியூப்லைட்டை அணைக்க முடியாது, அது ஃபிரேமுக்குள் இருக்கிறது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். 25 ஃபிரேம், ஷட்டர் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்ததும் திரையில் ஓடிய பட்டை காணாமல்போயிற்று. மணிக்கட்டுக்குள் வைத்த சிவப்பு எல்இடிக்கும் இதே கதை. ஆர்டுயினோவில் மங்க வைத்தால் அது வேகமாக அணைந்து எரிவதுதான், கேமரா அதைப் பிடித்துவிடும். இரண்டு பேட்டரி செல், கரண்டைக் கூட்டிக் குறைக்க ஒரு பொட்டென்ஷியோமீட்டர், முடிந்தது. வெளிச்சம் நாம் நினைப்பதைவிட மிகவும் குறைவாக வேண்டும். அதிகமானால் கேமராவில் சிவப்பு போய் நடுவில் வெள்ளைப் பொட்டாகிவிடும். கண்ணுக்கு 'எரிகிறதா?' என்று சந்தேகம் வரும் அளவுதான் படத்தில் சரியாக வந்தது.

காலத்திலிருந்து வந்து விழும் காட்சிக்கு மின்னல் வேண்டியிருந்தது. பக்கத்து வெல்டிங் கடை அண்ணனிடம் சுவருக்குப் பின்னால் நின்று ஆர்க் அடித்துத் தரச் சொன்னோம். "சும்மா இருந்த கண்ணுல மண்ணை அள்ளிப் போட்டா எப்படி இருக்கும்? ராத்திரி பூரா அப்படி இருக்கும். ஒருத்தருக்கும் தூக்கம் வராது, போங்கப்பா" என்று விரட்டிவிட்டார். அவர் சொன்னது சரி. 50 வாட் எல்இடி ஃபிளட் லைட்டைப் போட்டு அணைத்துப் பார்த்தோம், ஸ்விட்ச் போட்டதற்கும் எரிவதற்கும் இடையில் சோம்பல். லைட்டை எரியவிட்டே அட்டையை முன்னால் வைத்து விசிறினோம். மின்னல் வந்தது.

அலமாரிக் கையும் படத்தில் வேறு விதமாக இருக்கிறது. எடிட்டிங்கில் விரல் அசைவு சத்தமில்லாமல் ஊமையாக இருந்தது. சர்வோக்களைப் போர்வைக்குள் வைத்து மைக்கை ஒட்டி ஓடவிட்டுப் பதிவு செய்து, சுருதியைக் குறைத்துப் போட்டோம். கனமான இயந்திரம் மாதிரி இருக்கிறது. ஆண்ட்ராய்டின் கண் வழியாகப் பார்க்கும் காட்சியில் ஓடும் எழுத்துகளும் அந்தக் கைக்கு எழுதிய நிரல்தான். டெர்மினேட்டரின் சிவப்புப் பார்வையில் ஓடுவதிலும் ஆப்பிள் II கணினியின் 6502 சிப்புக்கு எழுதிய அசெம்பிளி நிரல் வரிகள் உண்டு, ஆகவே மரபு மீறவில்லை. நாங்கள் எண்களை மட்டும் தமிழ் எண்ணாக மாற்றினோம், மூலையில் ௨௦௮௧ என்று. வீடியோ மென்பொருளில் 'கெ', 'கொ' எல்லாம் கொம்பு தனியாக, எழுத்து தனியாக உடைந்து வந்தன. வரிகளை லிப்ரே ஆபீஸில் தட்டி, படமாக எடுத்து ஒட்டியதில் சரியாயிற்று.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை சில. தோல் ஒன்று போதாது. நள்ளிரவுக்கு மேல் மணிக்கட்டு ஓரம் தானாகக் கிழிய ஆரம்பித்தது. அச்சு பத்திரமாக இருக்கும்போது இரண்டாவது தோலுக்கு லேடெக்ஸ் செலவு மட்டும்தான். நரம்பின் முடிச்சுகள் நழுவின. பசை வைத்தால் அது முடிச்சைக் கல்லாக்கி அங்கேயே நரம்பை அறுக்கிறது. முடிச்சுக்குப் பதில் மீன்பிடிக் கடையில் கிடைக்கும் நசுக்கும் குழல் போட வேண்டும். எலாஸ்டிக் எண்ணெய் பட்டு நொய்ந்துவிட்டது, எல்லா மூட்டுக்கும் ஸ்பிரிங்தான் சரி. கை மொத்தமே 600 கிராம் சொச்சம். மேசையில் 'தொம்' என்று விழ வேண்டிய ஷாட்டில் துள்ளியது, முழங்கைக்குள் ஈயக்கட்டி ஒன்றைச் செருகியிருக்க வேண்டும்.

மணிக்கட்டு அச்சு நைலான் புஷ்ஷில்தான் சுழன்றது. விடியற்காலையில் அது தேய்ந்து கை ஒரு பக்கமாக ஆட ஆரம்பித்தது. 2081-லும் இவனுக்கு இதே இடத்தில்தான் கோளாறு என்பதால் இயக்குநர் அதை நடிப்பு என்று எடுத்துக்கொண்டான். பிரிண்டர் தண்டு 8 மி.மீ., 608 பேரிங்கின் உள்விட்டமும் 8. வெளிவிட்டம் 22, நம் நாலரை சென்டிமீட்டர் வட்டத்துக்குள் தாராளமாக அடங்கும். இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.